எழுத்தின் நிறமும் படிப்போரின் பார்வையும்

இந்தியாவின் எந்த மூலையிலுள்ள இரயில் நிலையத்தில் இறங்கினாலும், மஞ்சள் பலகையின் மீது கறுப்பு எழுத்தில் ஊர்ப்பெயர் எழுதப்பட்டிருப்பதைக் காணலாம். வண்டி நிற்பதற்கு முன்பே, அந்தி மங்கிய வேளையிலும்கூட, பார்வை தளர்ந்த முதியவரால் அப்பெயரைப் படித்துவிட முடிகிறது. அதே முதியவர் வீடு சேர்ந்ததும் தம் ஓய்வூதிய விவரத்தை அறியக் கைப்பேசியைத் திறக்கிறார். வெள்ளைப் பின்னணியில் இளஞ்சாம்பல் நிறத்தில் அமைந்த எழுத்துகள் அவருக்குப் புலப்படவில்லை. அருகிலிருப்பவரிடம் கைப்பேசியை நீட்டி, தொகையையும் இரகசிய எண்ணையும் அவர் வாயிலாகவே அறிந்துகொள்ள வேண்டியதாகிறது. கண் அதே கண்தான். மாறியது எழுத்துக்கும் அதன் பின்னணிக்கும் இடையேயுள்ள ஒளி வேறுபாடு மட்டுமே.

அரசின் திட்டங்களும் வங்கிச் சேவைகளும் விண்ணப்பங்களும் அச்சுத்தாளிலிருந்து திரைக்கு மாறிவரும் இந்நாளில், எழுத்தின் நிறத்தைத் தேர்ந்தெடுப்பது அலங்காரம் பற்றிய செய்தியாக மட்டும் இருக்க முடியாது. ஒரு குடிமகன் தனக்குரியதைப் பிறர் துணையின்றிப் பெறுவதா, பெறாமற் போவதா என்பதை அது முடிவு செய்கிறது.

குறைபாட்டின் பரப்பு

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் மாற்றுத்திறன் உடையோர் 2.68 கோடிப் பேர். அவர்களுள் பார்வைக் குறைபாடு உடையோர் ஏறத்தாழ 50 இலட்சம் பேர். பார்வையிழப்பைத் தடுக்கும் தேசியத் திட்டம் இந்தியாவில் 1976ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பட்டது. 2015 முதல் 2019 வரை நடத்தப்பட்ட தேசிய ஆய்வில், 50 வயதைக் கடந்தோரில் 1.99 விழுக்காட்டினர் பார்வையற்றவர் எனத் தெரிய வந்தது. அப்பார்வையிழப்புக்கான காரணங்களுள் கண்புரை மட்டும் 66.2 விழுக்காடு.

முழுப் பார்வைக்கும் முழு இருளுக்கும் இடையே ஒரு பெரும் நிலப்பரப்பு உள்ளது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதனைக் குறைபார்வை என வரையறுக்கிறது. தக்க கண்ணாடி அணிந்த பின்னரும், இரு கண்களுள் சிறந்த கண்ணின் பார்வைத்திறன் 6/18 என்ற அளவிலோ அதனினும் குறைந்து 3/60 வரையிலோ இருப்பது குறைபார்வையாகும். பிறர் 18 மீட்டர் தொலைவில் காண்பதை 6 மீட்டர் தொலைவுக்கு நெருங்கினால்தான் காண இயலும் என்பதே 6/18 என்பதன் பொருள். இத்தகையோர் பெரும்பாலும் பிரெய்லி எழுத்தைக் கற்றவரல்லர். திரையில் உள்ளதைக் குரலாக மாற்றித் தரும் மென்பொருளைக் கையாள்பவரும் அல்லர். அவர்கள் கண்ணால்தான் படிக்க முயல்கின்றனர். எழுத்தின் நிறம் தக்கதாயின் அம்முயற்சி வெற்றி பெறுகிறது.

கண்ணில் நிகழ்வது என்ன?

பார்வையின் கூர்மை ஒன்று; வேறுபாட்டை உணரும் திறன் மற்றொன்று. மருத்துவமனைச் சுவரில் மாட்டப்பட்டுள்ள எழுத்து அட்டை, வெண்மையில் அடர் கறுப்பாக அமைந்த எழுத்துகள் எவ்வளவு சிறிதாயினும் படிக்க முடிகிறதா என்பதைச் சோதிக்கிறது. ஆனால் உலகில் உள்ள எழுத்துகள் யாவும் வெண்மையில் கறுப்பாக அமைவதில்லை. இக்குறையை நீக்க, டெனிஸ் பெல்லி, ஜான் ராப்சன் ஆகியோர் 1988ஆம் ஆண்டில் வேறொரு அட்டையை உருவாக்கினர். அதில் எழுத்துகளின் அளவு மாறுவதில்லை. மும்மூன்று எழுத்துகளாக அவற்றின் கருமை மட்டும் படிப்படியாக மங்கிச் செல்கிறது. முதல் அட்டையில் நன்கு தேறியவர் இரண்டாவது அட்டையில் தவறக் கூடும்.

கண்புரை உடையவரின் விழிவில்லை மங்கிப் பழுப்பேறுகிறது. உட்புகும் ஒளி நேரே செல்லாமல் சிதறுவதால், வெண்மையான பின்னணியின் ஒளி எழுத்தின் கருமை மீதும் படர்ந்து, எழுத்து வெளுத்தது போலத் தோன்றுகிறது. பழுப்பேறிய வில்லை நீல ஒளியைத் தடுப்பதால், கருநீலமும் கறுப்பும் ஒன்றாகவே தெரிகின்றன. கண் நீர் அழுத்த நோயில் பார்வையின் பரப்பு ஓரங்களிலிருந்து சுருங்குவதோடு, வேறுபாட்டை உணரும் திறனும் தேய்கிறது. நீரிழிவினால் விழித்திரை பாதிக்கப்பட்டோருக்கு நீலத்தையும் மஞ்சளையும் பகுத்தறிவது கடினமாகலாம். விழித்திரையின் மையம் சிதைந்தோர் ஓரப்பார்வையால் படிக்க நேரிடுகிறது; அவர்களுக்குப் பெரிய எழுத்தும் மிகுந்த ஒளி வேறுபாடும் ஒருங்கே தேவை. நோய் எதுவும் இல்லாவிடினும், வயது ஏற ஏறக் கண்மணி சுருங்குவதாலும் வில்லை மங்குவதாலும் விழித்திரையை அடையும் ஒளி குறைந்துகொண்டே செல்கிறது.

அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் கார்டன் லெக் என்பவரும் அவரது குழுவினரும் 1985 முதல் நடத்திய ஆய்வுகள் இவ்விடத்தில் கருதத்தக்கவை. நல்ல பார்வை உடையோரிடம், நடுத்தர அளவுள்ள எழுத்துகளின் ஒளி வேறுபாட்டைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தபோதும், படிக்கும் வேகம் பாதியளவுக்குக்கூடக் குறையவில்லை. அதாவது, நல்ல கண்ணிடம் பெரியதொரு சேமிப்பு இருக்கிறது. வடிவமைப்பாளர் எழுத்தை மங்கலாக்கும்போது அச்சேமிப்பிலிருந்து செலவாவதை அவரது கண் உணர்வதேயில்லை. குறைபார்வை உடையவரிடம் அத்தகைய சேமிப்பு இல்லை. சிறிது மங்கினாலும் அவர் படிக்கும் வேகம் உடனே வீழ்கிறது. தவறான நிறங்கள் மீண்டும் மீண்டும் தேர்ந்தெடுக்கப்படுவதற்கு இதுவே முதன்மையான காரணம். தேர்ந்தெடுப்பவரின் நல்ல பார்வையே அவரது தவற்றை அவரிடமிருந்து மறைத்துவிடுகிறது.

நிறம் மட்டுமே சொல்லும் செய்தி

பார்வை கூர்மையாக இருந்தும் நிறங்களைப் பகுத்தறிய இயலாதோர் மற்றொரு பிரிவினர். நிறத்தை அறியும் கூம்பு வடிவ உயிரணுக்கள் விழித்திரையில் மூவகைப்படும். சிவப்பு, பச்சை ஆகியவற்றை உணரும் இருவகைக் கூம்புகளுக்குரிய மரபணுக்கள் எக்ஸ் நிறப்புரியில் அமைந்துள்ளன. எனவே ஒரே ஒரு எக்ஸ் நிறப்புரி உடைய ஆண்களிடமே இக்குறைபாடு மிகுதியாகக் காணப்படுகிறது. வட ஐரோப்பிய வழிவந்த ஆண்களில் ஏறத்தாழ 8 விழுக்காட்டினருக்கு இக்குறைபாடு உண்டு. ஆசிய மக்களிடையே இது சற்றுக் குறைவு. இவர்களுக்குச் சிவப்பு, பச்சை, பழுப்பு ஆகிய நிறங்கள் ஒன்றோடொன்று மயங்குகின்றன. ஒரு சாராருக்குச் சிவப்பு நிறம் பிறர் காண்பதைவிட மிகவும் இருண்டு தோன்றும். அத்தகையோருக்குக் கறுப்புப் பலகையில் சிவப்பாக ஒளிரும் எழுத்து மங்கலாகவே தெரியும்.

இம்மயக்கம் உயிருக்கே ஊறு விளைவிக்கக் கூடியது என்பதற்குப் பூச்சிக்கொல்லிக் கலன்களில் உள்ள குறியீடு சான்றாகும். 1971ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகளின்படி, கலனின் மீதுள்ள சாய்சதுரத்தின் கீழ்ப்பாதி, மருந்தின் நச்சுத்தன்மைக்கேற்ப நிறம் பெறுகிறது. மிகக் கொடிய நஞ்சுக்குச் சிவப்பு. அதற்கு அடுத்த நிலைகளுக்கு மஞ்சளும் நீலமும். நஞ்சு மிகக் குறைந்ததற்குப் பச்சை. வரிசையின் இரு கோடிகளாகிய சிவப்பும் பச்சையுமே நிறக்குறைபாடு உடைய உழவருக்கு மயங்கும் இணை. விதிகளை வகுத்தோர் நிறத்தை மட்டும் நம்பிவிடவில்லை. சதுரத்தின் மேற்பாதியில் கொடிய நஞ்சுக்கு மண்டையோட்டுச் சின்னமும், ஒவ்வொரு நிலைக்கும் உரிய எச்சரிக்கைச் சொல்லும் இடம்பெற வேண்டும் எனப் பணித்தனர். நிறம் தவறினாலும் சின்னம் காக்கும். சின்னம் தேய்ந்தாலும் சொல் காக்கும். அச்சொல் தெளிவாக அச்சிடப்பட வேண்டும் என்பது மட்டுமே இதில் எஞ்சியுள்ள தேவை.

உணவுப் பொட்டலங்களின் வரலாறும் இதே பாடத்தைக் கற்பிக்கிறது. சைவ உணவுக்குப் பச்சை வட்டம், அசைவ உணவுக்குப் பழுப்பு வட்டம் என்பதே முன்னைய முறை. இரண்டும் வட்டங்களாகவே இருந்தமையால், பச்சையையும் பழுப்பையும் பகுத்தறிய இயலாதோருக்கு அக்குறியால் பயனில்லை. உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2020ஆம் ஆண்டின் விதிமுறைகளில் அசைவக் குறியைப் பழுப்பு முக்கோணமாக மாற்றியது. நிறத்தோடு வடிவமும் வேறுபட்டதால், நிறமறியாதோரும் இரண்டையும் எளிதில் பிரித்தறியலாயினர்.

விண்ணப்பப் படிவங்களில் "சிவப்பு நிறத்தில் உள்ளவற்றைக் கட்டாயமாக நிரப்பவும்" என எழுதுவதும், பிழையான பகுதியைச் சிவப்புக் கோட்டால் மட்டும் காட்டுவதும் இக்காரணத்தாலேயே தவறாகும். நிறத்தோடு ஒரு சொல்லோ, குறியோ, அடிக்கோடோ உடனிருத்தல் வேண்டும்.

அளந்தறியும் முறை

கண்ணை நம்பி நிறத்தைத் தேர்வது தவறாகுமெனில், அளந்துதான் தேர வேண்டும். இணையதளங்களுக்கான உலகளாவிய அணுகல் வழிகாட்டி நெறிகளின் இரண்டாம் பதிப்பு 2008 டிசம்பரில் வெளிவந்தது. அதில் இதற்கான கணக்கு வகுக்கப்பட்டுள்ளது. ஒரு நிறத்தின் ஒளிர்வைக் கணக்கிடும்போது பச்சையின் பங்கு ஏறத்தாழ 72 விழுக்காடு, சிவப்பின் பங்கு 21, நீலத்தின் பங்கு 7 எனக் கொள்ளப்படுகிறது. மனிதக் கண்ணுக்குப் பச்சை மிகவும் பொலிவாகவும், நீலம் மிகவும் இருண்டும் தோன்றுவதே இதற்குக் காரணம். எழுத்து, பின்னணி ஆகிய இரண்டின் ஒளிர்வுகளையும் ஒப்பிட்டுப் பெறப்படும் விகிதம் 1 முதல் 21 வரை அமையும்.

வழக்கமான அளவுள்ள எழுத்துக்கு இவ்விகிதம் 4.5க்குக் குறையக் கூடாது. பெரிய எழுத்துக்கு 3 போதும். உயர்தரம் வேண்டுவோர் வழக்கமான எழுத்துக்கு 7 என்ற அளவை எட்ட வேண்டும் என்பது அந்நெறி. இவ்வெண்கள் மனம்போனபடி குறிக்கப்பட்டவை அல்ல. நல்ல பார்வைக்கு 3 என்ற விகிதம் குறைந்த அளவாக ஏற்கப்பட்டிருந்தது. பார்வை 6/12 அளவுக்குத் தளர்ந்தவருக்கு நேரும் இழப்பை ஈடு செய்யும் அளவே 4.5, 6/24 அளவுக்குத் தளர்ந்தவருக்கு உரியது 7. ஏறத்தாழ 80 வயதை எட்டியோரிடம் பொதுவாகக் காணப்படும் பார்வைத்திறன் 6/12 எனக் கொள்ளப்பட்டது. எனவே 4.5 என்பது சலுகையன்று. நீண்ட நாள் வாழும் எவரும் ஒரு நாள் வந்து சேரும் நிலைக்குரிய தேவையாகும்.

இக்கணக்கைச் சில நிறங்களில் பொருத்திப் பார்த்தால் கண் செய்யும் மயக்கம் விளங்கும். வெள்ளையில் கறுப்பு 21 என்ற முழு அளவைப் பெறுகிறது. மஞ்சளில் கறுப்பு 19.6 பெறுகிறது, வண்ணப்பூச்சில் இவ்வெண் மாறினும், இரயில் நிலையப் பலகையின் சிறப்புக்கு இதுவே அடிப்படை. வெள்ளையில் தூய நீலம் 8.6 பெற்றுத் தேறுகிறது. பளிச்செனத் தோன்றும் தூய சிவப்போ வெள்ளையில் 4.0 மட்டுமே பெற்று, சிறிய எழுத்துக்குத் தகுதியற்றதாகிறது. வெள்ளையில் மஞ்சள் 1.1, கறுப்பில் தூய நீலம் 2.4, இலைப்பச்சையின் மீது சிவப்பு 1.3. இறுதி இணை நல்ல கண்ணைக் குத்துவது போலத் தோன்றும். ஆயினும் ஒளி வேறுபாடு அதில் ஏறத்தாழ இல்லை. படிவங்களின் கட்டங்களில் குறிப்புரையாக வரும் இளஞ்சாம்பல் எழுத்து 2.8 அல்லது அதனினும் குறைந்த அளவே பெறுவதுண்டு. காவி சார்ந்த ஆரஞ்சுப் பட்டையின் மீது வெள்ளை எழுத்தைப் பொறிக்கும் வழக்கம் பரவலாக உள்ளது. அதன் விகிதம் 2.1 அளவே. அதே பட்டையில் எழுத்தைக் கறுப்பாக்கினால் விகிதம் 9.8 ஆக உயர்கிறது. பட்டையின் அழகு கெடவில்லை, செலவும் கூடவில்லை.

இக்கணக்கும் குறையற்றதன்று. இருண்ட நிறங்களிடையே உள்ள வேறுபாட்டை இது மிகைப்படுத்திக் காட்டுகிறது என்ற கருத்து அறிஞரிடையே உண்டு. ஆகவே 4.5 என்பதைக் கடக்க வேண்டிய வாயிற்படியாகக் கருத வேண்டுமேயன்றி, சேர வேண்டிய இடமாகக் கருதலாகாது.

இந்திய எழுத்துகளின் தேவை

மேற்கூறிய நெறிகளில் பெரிய எழுத்து என்பது 18 புள்ளி அளவும், தடித்த எழுத்தாயின் 14 புள்ளி அளவும் கொண்டதாகும். சீன, ஜப்பானிய, கொரிய எழுத்துகளுக்கு இதற்கு இணையான அளவு கொள்ளப்பட வேண்டும் என்ற குறிப்பு அங்கு உண்டு. இந்திய எழுத்துகளுக்குத் தனிக்குறிப்பு இல்லை. ஆனால் அவற்றின் இயல்பு தனித்தது. தேவநாகரியில் ஒரு வரியின் மேலும் கீழும் உயிர்க்குறிகளும் புள்ளிகளும் அமைகின்றன. தமிழில் மெய்யெழுத்தின் தலையிலுள்ள புள்ளி, ஓரெழுத்தின் ஒலியையே மாற்றிவிடுகிறது. கோடு மெலிந்து நிறமும் மங்கினால் முதலில் மறைவது இப்புள்ளியே. சொற்களிலாவது முன்பின் நோக்கிப் பொருளை ஊகிக்கலாம். மருந்தின் அளவைக் குறிக்கும் 0.5 என்ற எண்ணில் புள்ளி மறைந்தால் ஊகிப்பதற்கு வழியில்லை. எனவே இந்திய மொழிகளில் மெல்லிய கோடுகளால் ஆன எழுத்துருக்களைத் தவிர்ப்பதும், குறைந்த அளவுக்கு மேற்பட்ட ஒளி வேறுபாட்டை அளிப்பதும் நலம் பயக்கும்.

அனைவர்க்கும் ஒரே நிறம் உண்டா?

எல்லோருக்கும் பொருந்தும் ஒரே நிற இணையைக் கண்டறிந்துவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடும் எனக் கருதத் தோன்றும். அது இயலாதது. லெக் குழுவினரின் 1985ஆம் ஆண்டு ஆய்வில், கண்ணின் ஊடகம் மங்கியோர் கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தை விரைவாகப் படித்தனர். பின்னணி கறுப்பாயின் சிதறும் ஒளி குறைகிறது. உடலில் நிறமி குன்றியதால் ஒளி கண்டு கூசுவோருக்கும் இதுவே இதமாகும். ஆயினும் நல்ல கண் உடையோரில் பலருக்கு வெள்ளையில் கறுப்பே எளிது.

ஆகவே நல்ல வடிவமைப்பின் இரண்டாம் இலக்கணம், படிப்பவரே நிறத்தை மாற்றிக்கொள்ள இடமளிப்பதாகும். இக்காலக் கைப்பேசிகளிலும் கணினிகளிலும் நிறங்களைத் தலைகீழாக்கும் வசதியும் ஒளி வேறுபாட்டை மிகுவிக்கும் வசதியும் உள்ளன. ஆனால் அறிவிப்பை ஒளிப்படமாக எடுத்து வெளியிட்டால், எழுத்தின் நிறத்தை மட்டும் விரும்பியவாறு மாற்றிக்கொள்ள இயலாமற் போகிறது. பெரிதாக்கினால் எழுத்து சிதைகிறது. பழுப்புக் காகிதத்தில் தட்டச்சிட்ட சுற்றறிக்கையை அப்படியே படமெடுத்து இணையத்தில் ஏற்றுவது, குறைபார்வை உடையவருக்குக் கதவைத் திறந்து காட்டி உள்ளே பூட்டுவதற்கு ஒப்பாகும்.

சட்டத்தின் துணை

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை இந்தியா 2007 அக்டோபர் 1 அன்று ஏற்று உறுதி செய்தது. இந்திய அரசு இணையதளங்களுக்கான வழிகாட்டி நெறிகள் 2009ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டன. அவற்றின் மூன்றாம் பதிப்பு 2023ஆம் ஆண்டில் வந்தது. 2016ஆம் ஆண்டின் சட்டம், தகவல் தொடர்புச் சாதனங்கள் யாவும் மாற்றுத்திறனாளிகள் அணுகத்தக்கவையாக இருக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் எனப் பணிக்கிறது. இந்திய தர நிர்ணய அமைவனம் இதற்கென ஐ.எஸ். 17802 என்ற தரத்தை 2021, 2022 ஆகிய ஆண்டுகளில் இரு பகுதிகளாக வெளியிட்டது.

விதிகள் இருந்தும் அவை பரிந்துரைகளாகவே நின்றுவிட்டன. இந்நிலையை உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8 அன்று அளித்த தீர்ப்பில் சுட்டிக்காட்டி, அணுகலுக்கான குறைந்தபட்சத் தரங்களைக் கட்டாயமாக்கும் விதிகளை வகுக்குமாறு அரசைப் பணித்தது. 2025 ஏப்ரல் 30 அன்று அளித்த மற்றொரு தீர்ப்பில், மின்னணுச் சேவைகளை அணுகும் உரிமை அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு உறுதியளிக்கும் வாழ்வுரிமையின் கூறாகும் என அந்நீதிமன்றம் அறிவித்தது. நிறத்தேர்வு என்னும் சிறு செயல், இவ்வாறு அடிப்படை உரிமையோடு இணைந்து நிற்கிறது.

செய்யத்தக்கவை

சட்டத்தைச் செயலாக்குவதற்குப் பெரும் நிதி தேவையில்லை. எழுத்துக்கும் பின்னணிக்கும் உரிய விகிதத்தைக் கணக்கிட்டுத் தரும் கருவிகள் இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. அவற்றைக் கையாளாதோருக்கும் எளிய சோதனைகள் உண்டு. வடிவமைத்த பக்கத்தை நிறங்களை நீக்கிக் கறுப்பு வெள்ளையில் பார்க்க வேண்டும். அந்நிலையில் எழுத்து மங்கினால் அந்நிற இணை தவறானது. கைப்பேசித் திரையின் ஒளியைக் குறைத்து வெயிலில் நின்று படித்துப் பார்க்கலாம். இவற்றுக்கெல்லாம் மேலாக, கண்புரை உள்ள ஒரு முதியவரிடமும், நிறம் பகுத்தறிய இயலாத ஓர் இளைஞரிடமும் அப்பக்கத்தைக் கொடுத்துப் படிக்கச் சொல்லலாம். அச்சகங்களும் தாளின் நிறத்தையும் மையின் நிறத்தையும் இந்நோக்கில் ஆராய வேண்டும். அச்சிட்ட படிவத்தைத் திரும்பப் பெற்றுத் திருத்துவது செலவு மிக்கது. அச்சிடுமுன் நிறத்தை மாற்றுவதற்குச் செலவே இல்லை.

கண்புரை அறுவைக்கும் மூக்குக் கண்ணாடிக்கும் நாடு பெரும் பொருளைச் செலவிட்டு வருகிறது. பார்வையை மீட்கும் அப்பணி தொடர வேண்டும். எனினும் மீட்க இயலாத பார்வையும் உண்டு; அறுவைக்காகக் காத்திருக்கும் நாட்களும் உண்டு. அத்தகையோருக்குக் கண்ணைத் திருத்தித் தர இயலாவிடினும், எழுத்தைத் திருத்தித் தர இயலும். அவ்வாறு திருத்திய நாளில், ஓய்வூதியத் தொகையைத் தானே படித்தறியும் முதியவர் கைப்பேசியை யாரிடமும் நீட்ட வேண்டியிராது.